காப்பீடு இல்லாத நோயாளியின் பில்லை மருத்துவமனை எந்தக் கணக்கில் எழுதுகிறது?

கேள்வி: நியூ ஜெர்சியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். பேரக்குழந்தையைப் பார்ப்பதற்காக என் பெற்றோர் சுற்றுலா விசாவில் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு வயது 67. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். வந்த இடத்தில் மாரடைப்பு ஏற்பட்டு, அவசரச் சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நலமாக இருக்கிறார். பயணக் காப்பீடு எடுக்காமல் விட்டுவிட்டோம். மருத்துவமனை அனுப்பிய பில் 1,48,000 டாலர். "கட்டாதே, அப்பா ஊருக்குப் போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது, மருத்துவமனைக்கு எல்லாம் அரசாங்கம் கொடுத்துவிடும்" என்கிறார் ஒரு நண்பர். "நீ கட்டாத பணத்தை மற்ற நோயாளிகளின் பில்லில் ஏற்றிவிடுவார்கள்" என்கிறார் இன்னொருவர். மருத்துவமனையில் சாரிட்டி கேர் என்று ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். "நீ கைநிறையச் சம்பாதிக்கும்போது நான் தருமம் கேட்பதா?" என்று அப்பா அதை நிரப்ப மறுக்கிறார். உண்மையில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நாங்கள் என்ன செய்வது முறை?

அன்புள்ள வாசகருக்கு,

தந்தை நலமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே பெரிய ஆறுதல். அமெரிக்க மருத்துவமனைகளின் நிதிப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நண்பர்கள் இருவர் சொன்னதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அந்த அளவை மட்டும் நம்பி முடிவெடுத்தால் உங்களுக்கும் நட்டம், மருத்துவமனைக்கும் நட்டம். காப்பீடு இல்லாதவருக்குச் செய்த சிகிச்சையின் செலவை எந்த ஒரு கருவூலமும் முழுமையாக ஏற்பதில்லை. மத்திய அரசு, மாநில அரசு, வரிவிலக்கு, மருத்துவமனையின் சொந்த உபரி என்று பல இடங்களிலிருந்து துண்டு துண்டாக வரும் பணம்தான் அதை ஒருவாறு ஈடுகட்டுகிறது. அவற்றுள் சில, நோயாளி உதவி கேட்டு விண்ணப்பித்து, அவருடைய வருமான நிலை ஆவணங்களோடு பதிவானால் மட்டுமே கணக்கில் சேரும். எனவே அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 1,48,000 டாலரைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வொரு மருத்துவமனையும் தான் செய்யும் ஒவ்வொரு சேவைக்கும், கொடுக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் பட்டியல் விலை ஒன்றை வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலை நாங்கள் சார்ஜ்மாஸ்டர் என்போம். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் அந்த விலையைப் பொருட்படுத்துவதில்லை. தான் வகுத்த கட்டணத்தையே தரும். வறியோருக்கான மெடிக்கெய்ட் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத் தரும். தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் பேரம் பேசித் தள்ளுபடி வாங்கிக்கொள்ளும். அவர்கள் எல்லோரும் ஒதுக்கிவிட்ட அந்தப் பட்டியல் விலை, பேரம் பேச ஆளில்லாத, காப்பீடற்ற நோயாளிக்குத்தான் முழுதாக அச்சிட்டு வருகிறது. மருத்துவமனை ஆண்டுதோறும் மெடிகேருக்குச் சமர்ப்பிக்கும் செலவு அறிக்கையில், பட்டியல் விலைக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள விகிதம் கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக அந்த விகிதம் 0.25 என்று வைத்துக்கொண்டால், உங்கள் தந்தையின் சிகிச்சைக்கு மருத்துவமனை உண்மையில் செலவிட்டது ஏறத்தாழ 37,000 டாலர். ஸ்டென்ட், மருந்து, செவிலியர் சம்பளம், கட்டடம், மின்சாரம் எல்லாம் இதில் அடக்கம். அரசுக்குக் கணக்குக் காட்டும்போதும் மருத்துவமனை காட்ட வேண்டியது இந்தச் செலவைத்தான். ஆகவே "மருத்துவமனை என்னால் ஒன்றரை லட்சம் இழந்தது" என்ற குற்ற உணர்வோடு நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. அதற்காக அது ஒன்றும் இழக்கவில்லை என்றும் ஆகிவிடாது.

பணம் கிடைக்குமா என்று தெரியாமலேயே அவர்கள் ஏன் சிகிச்சை செய்தார்கள் என்பது அடுத்தது. 1986-இல் நிறைவேறிய எம்டாலா என்ற மத்தியச் சட்டத்தின்படி, மெடிகேர் திட்டத்தில் பங்கேற்று அவசரச் சிகிச்சைப் பிரிவு நடத்தும் எந்த மருத்துவமனையும், வருகிறவரைப் பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தான நிலை இருந்தால் அதைச் சீராக்கியே ஆக வேண்டும். காப்பீடு இருக்கிறதா, எந்த நாட்டுக் குடிமகன், என்ன விசா என்பவற்றைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பவோ காலம் தாழ்த்தவோ கூடாது. தனியார் மருத்துவமனைகள் பணமில்லாத நோயாளிகளை அரசு மருத்துவமனை வாசலில் கொண்டுபோய்த் தள்ளிய வழக்கத்தை நிறுத்த வந்த சட்டம் இது, நல்ல சட்டம். ஆனால் இதில் கடமை இருக்கிறது, நிதி ஒதுக்கீடு இல்லை. இடையில் 2003-ஆம் ஆண்டின் ஒரு சட்டம், ஆவணமற்ற குடியேறிகள் உள்ளிட்ட சிலருக்கான அவசரச் சிகிச்சைக்கென ஆண்டுக்கு 25 கோடி டாலர் வீதம் 2005 முதல் 2008 வரை ஒதுக்கியது. அந்தச் சிறு தொகையும் அதற்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை. அமெரிக்க மருத்துவமனைச் சங்கத்தின் கணக்குப்படி, 2020-இல் மட்டும் மருத்துவமனைகள் கட்டணம் பெறாமல் செய்த சிகிச்சையின் செலவு ஏறத்தாழ 4,200 கோடி டாலர். காப்பீடு இருந்தும் தங்கள் பங்கைக் கட்ட முடியாமல் போனவர்களின் பாக்கியும் இதில் சேர்ந்தே இருக்கிறது.

"அரசாங்கம் கொடுத்துவிடும்" என்று நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அரசு, உங்கள் தந்தையின் பில்லைப் பார்த்து அதற்கு ஒரு காசோலை எழுதுவதில்லை. நடப்பது வேறு. மெடிக்கெய்ட் சட்டத்தில் 1981-இல் ஓர் ஏற்பாடு வந்தது. வறியோரையும் காப்பீடற்றோரையும் அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் கவனிக்கும் மருத்துவமனைகளுக்கு மாநிலங்கள் கூடுதல் தொகை தரலாம், அதில் மத்திய அரசு தன் பங்கைச் சேர்க்கும் என்பதே அது. டிஷ் என்று எங்கள் துறையில் அதைச் சொல்வோம். மத்திய அரசின் பங்கு மட்டும் ஆண்டுக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் போகிறது. தொகை மாநிலவாரியாக உச்சவரம்பிட்டு ஒதுக்கப்படுகிறது. அந்த ஒதுக்கீடும் எவ்வளவு பேர் காப்பீடின்றி இருக்கிறார்கள் என்பதைவிட, 1990களின் தொடக்கத்தில் எந்த மாநிலம் எவ்வளவு செலவிட்டது என்ற பழைய கணக்கையே பெரிதும் ஒட்டி நடக்கிறது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாநிலங்கள் தங்கள் பங்கைப் போடுவதற்கு மருத்துவமனைகளிடமே ஒரு வரி வாங்கி, அதற்கு ஈடாக மத்திய அரசின் பணத்தைப் பெற்று, இரண்டையும் சேர்த்து மருத்துவமனைகளுக்கே திருப்பித் தருவது பல மாநிலங்களில் நடைமுறை. சட்டப்படி சரிதான். ஆனால் எந்தப் பணம் யாருடையது என்று பார்க்கப் புகுந்தால் கணக்கர்களுக்கே தலைசுற்றும்.

மெடிகேரிலும் இது போன்ற கூடுதல் தொகை உண்டு. ஒபாமா காலத்தில், 2010-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2014 நிதியாண்டு முதல் அதன் முக்கால் பங்கு தனி நிதியாக மாற்றப்பட்டது. நாட்டில் காப்பீடற்றோர் விகிதம் குறையக் குறைய அந்த நிதியும் குறையும். இருப்பதை, ஒவ்வொரு தகுதியுள்ள மருத்துவமனையும் தன் செலவு அறிக்கையில் காட்டும் இலவசச் சிகிச்சைச் செலவு, வராக்கடன் செலவு இரண்டையும் கூட்டி, அந்த விகிதத்தில் பிரித்துத் தருகிறார்கள். அண்மை ஆண்டுகளில் இது 500 கோடி டாலருக்கு மேல் இருக்கிறது. ஆக, உங்கள் தந்தையின் 37,000 டாலர் செலவு அந்த அறிக்கையில் ஒரு மிகச் சிறு எண்ணாகப் போய்ச் சேரும். சில ஆண்டுகள் கழித்து மருத்துவமனைக்கு வரும் பங்கில் அதன் சாயல் இருக்கும், அவ்வளவே. போட்ட செலவு முழுவதும் திரும்புவதில்லை.

உங்கள் மாநிலத்துக்கென்று ஓர் ஏற்பாடு இருப்பது உங்கள் நல்வாய்ப்பு. நியூ ஜெர்சியில் உடனடி, குறுகிய காலச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள், பணம் கட்ட இயலாதவர்களையும் ஏற்றுச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. அதற்கு ஈடாக மாநில அரசு சாரிட்டி கேர் மானியம் தருகிறது. அந்த மானியத்திலும் மத்திய அரசின் டிஷ் பணம் பாதி கலந்திருக்கிறது. விதிகளின்படி தகுதி உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளின் சிகிச்சைக் கணக்கை மருத்துவமனை மாநிலத்துக்கு அனுப்பும். அது மெடிக்கெய்ட் கட்டண அளவில் மதிப்பிடப்பட்டு, சட்டமன்றம் அந்த ஆண்டு ஒதுக்கிய தொகைக்குள் பங்கிடப்படும். கவனியுங்கள்: தகுதி உறுதிசெய்யப்பட்டால்தான். விண்ணப்பம் கொடுக்காமல் விமானம் ஏறிவிட்ட நோயாளியின் செலவு இந்தக் கணக்கில் ஏறாது. உங்கள் நண்பர் சொன்ன வழியைப் பின்பற்றினால், அரசு தரக்கூடிய பணத்தையும் மருத்துவமனை பெற முடியாமல் நீங்களே தடுத்தவர் ஆவீர்கள்.

எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை என்பதை இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிலைப் படித்துவிட்டு டெக்ஸாஸில் இருக்கும் ஒருவர் நியூ ஜெர்சி விதியை எதிர்பார்க்கக் கூடாது. டாலஸின் பார்க்லேண்ட், ஹூஸ்டனின் ஹாரிஸ் ஹெல்த் போன்ற பொது மருத்துவமனைகள் அந்தந்த மாவட்டத்து வீட்டுமனை வரியிலிருந்து பெரும்பங்கு பெறுகின்றன. எனவே அவற்றின் உதவி முதன்மையாக அந்த மாவட்டத்தில் வசிப்பவர்களுக்கே. மேரிலாந்தில் 1970களிலிருந்து ஒரு மாநில ஆணையமே மருத்துவமனைக் கட்டணங்களை நிர்ணயிக்கிறது. பணம் வராத சிகிச்சையின் செலவை அந்தக் கட்டணத்துக்குள்ளேயே வெளிப்படையாகச் சேர்த்து, மெடிகேர் உட்பட எல்லாக் காப்பீட்டாளர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் சுமக்கும்படி செய்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த நாட்டில் இருக்கும் ஏற்பாடுகளில் ஓரளவு நேர்மையானது அதுதான். யார் எவ்வளவு தருகிறார்கள் என்பது அங்கே ஒளிந்திருக்கவில்லை. மாசசூசெட்ஸ் 1985-இல் தனி நிதியம் ஒன்றை ஏற்படுத்தி, மருத்துவமனைகளிடமும் காப்பீட்டாளர்களிடமும் வசூலித்துப் பங்கிட்டு வருகிறது. மெடிக்கெய்ட் திட்டத்தைக் கூடுதலான வறியோருக்கு விரிவாக்க மறுத்த மாநிலங்களிலோ நிலைமை கடினம். 2010 சட்டம் எல்லா மாநிலங்களும் விரிவாக்கும் என்ற நம்பிக்கையில் டிஷ் தொகையைக் குறைக்கத் திட்டமிட்டது. 2012-இல் உச்ச நீதிமன்றம் விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. பத்து மாநிலங்கள் இன்றும் விரிவாக்கவில்லை. அதனால் அந்தக் குறைப்பை நாடாளுமன்றம் தொடர்ந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

இனி வரிவிலக்கு. அமெரிக்காவில் பொதுமக்கள் எல்லோரும் செல்லும் மருத்துவமனைகளில் பாதிக்கு மேல் லாப நோக்கற்றவை. கடிதத்தில் நீங்கள் குறிப்பிட்டு, இங்கே பெயர் வெளியிடாத மருத்துவமனையும் அப்படித்தான் என்பதால் இது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். இவை வருமான வரியும், பெரும்பாலும் சொத்து வரியும் கட்டுவதில்லை. 1956-இல் வரித்துறை வகுத்த விதி, தன் வசதிக்கு ஏற்ற அளவு இலவசச் சிகிச்சை தந்தால்தான் இந்தச் சலுகை என்றது. மெடிகேரும் மெடிக்கெய்டும் 1965-இல் வந்தபின், இனி இலவசச் சிகிச்சைக்குத் தேவையே இருக்காது என்று கருதி, 1969-இல் அதைத் தளர்த்தி, 'சமூக நலன்' செய்தால் போதும் என்று மாற்றினார்கள். தேவை இருக்கவே செய்தது என்பதைப் பிந்திய ஆண்டுகள் காட்டின. அதனால்தான் 2010 சட்டம் லாப நோக்கற்ற மருத்துவமனைகளுக்குப் புதிய கட்டாயங்களை விதித்தது. நிதியுதவி விதிகளை எழுத்தில் வைத்து எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும். உதவிக்குத் தகுதியானவரிடம், காப்பீடு உள்ளவர்களுக்காக வழக்கமாகக் கிடைக்கும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. அவர் தகுதியானவரா என்று பார்க்க நியாயமான முயற்சி எடுக்காமல் வழக்குத் தொடுப்பது, சம்பளத்தைப் பிடிப்பது போன்ற கடும் நடவடிக்கைகளில் இறங்கக் கூடாது.

வரித்துறைக்கு மருத்துவமனை கொடுக்கும் ஆண்டு அறிக்கையில், பணம் வராத சிகிச்சைக்கு இரண்டு தனி இடங்கள் உண்டு. கட்ட இயலாதவர் என்று முன்பே உறுதி செய்து விட்டுக்கொடுத்த சிகிச்சையின் செலவு, சமூக நலன் பகுதியில் ஏறும். மருத்துவமனை தன் வரிவிலக்குக்குக் காட்டும் நியாயமே அதுதான். கேட்டுக் கேட்டுப் பார்த்து வசூலாகாமல் போனது வராக்கடன். அது வேறொரு பகுதியில் தனியே நிற்கும். சமூக நலனாகக் கூட்டப்படுவதில்லை. ஒரே நோயாளி, ஒரே சிகிச்சை, ஒரே செலவு. ஒரு விண்ணப்பம் வந்துசேர்ந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அது நற்பணியாகவோ நட்டமாகவோ எழுதப்படுகிறது. மருத்துவமனை ஊழியர் உங்கள் கையில் விண்ணப்பத்தைத் தாமாகவே கொடுத்ததில் கருணை இருந்திருக்கலாம். அந்த நிறுவனத்தின் தேவையும் இருக்கிறது. இதை உங்கள் தந்தையிடம் அவசியம் சொல்லுங்கள். வீட்டு வாசலில் நின்று கையேந்துவதாக அவர் நினைக்கிறார். அரசுப் பணியில் இருந்தவருக்கு ஆவணம் இல்லாத செலவைத் தணிக்கையில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது தெரிந்திருக்கும். அந்த வழியில் எடுத்துச் சொன்னால் எளிதில் ஏற்பார் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நண்பர், மற்ற நோயாளிகள் தலையில் ஏற்றுவார்கள் என்றார். இது பரவலான நம்பிக்கை. மருத்துவமனை நிர்வாகிகளே மேடைகளில் இப்படிச் சொல்வதுண்டு. ஆனால் ஆய்ந்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு வலுவான சான்று கிடைக்கவில்லை. விலையை ஏற்றும் வலிமை ஒரு மருத்துவமனைக்கு இருந்தால், காப்பீடற்ற நோயாளி வரும்வரை அது காத்திருப்பதில்லை, முன்பே ஏற்றியிருக்கும். வலிமை இல்லாத மருத்துவமனை நினைத்தாலும் ஏற்ற முடியாது. 2005-இல் டென்னஸி மாநிலம் மெடிக்கெய்டிலிருந்து ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரேயடியாக நீக்கியது. அதே காலத்தில் மிசௌரியும் பலரை நீக்கியது. இவற்றை வைத்து ஆய்வு செய்த பொருளியலாளர்கள், காப்பீடு இழந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குச் சுமார் 800 டாலர் மருத்துவமனைகளின் தலையில் விழுந்ததாகவும், அதை அவை பிறர்மீது ஏற்றாமல் பெரும்பாலும் தங்கள் உபரியில் இழந்ததாகவும் கண்டார்கள். ஓரிடத்தில் ஒரு மருத்துவமனை மூடப்பட்டாலும் அதன் நோயாளிகள் மறைந்துவிடுவதில்லை. அடுத்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போவார்கள். செலவும் அவர்களோடு அங்கே போகும்.

உபரி என்றேனே, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். தனியார் காப்பீடு உள்ள நோயாளிகளின் இதய அறுவை, மூட்டு மாற்று, புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவை நல்ல வருமானம் தருபவை. முதலீட்டு வருமானம், நன்கொடை ஆகியவையும் உண்டு. 1992-இல் வந்த 340பி திட்டத்தின்படி, வறியோரை மிகுதியாகக் கவனிக்கும் மருத்துவமனைகள் புறநோயாளிகளுக்கான மருந்துகளை உற்பத்தியாளரிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்கலாம். அந்த மருந்துக்குக் காப்பீட்டு நிறுவனம் தரும் வழக்கமான தொகைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வேறுபாடு மருத்துவமனையிடமே தங்கும். அந்தப் பணம் முழுவதும் ஏழை நோயாளிகளுக்குத்தான் போகிறதா என்பது குறித்து மருந்து நிறுவனங்களும் மருத்துவமனைகளும் நீதிமன்றங்களில் மோதிக்கொண்டிருக்கின்றன. என் கருத்தில், சில பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் இந்த வாய்ப்பை அதன் நோக்கத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டுவிட்டன. வசதியான புறநகரில் இருக்கும் மருத்துவமனை இவற்றையெல்லாம் கொண்டு உங்கள் தந்தையைப் போன்ற நூறு பேரைத் தாங்கிவிடும். கிராமப்புறத்துச் சிறு மருத்துவமனைக்கோ, ஏழைகளே மிகுதியாக வரும் நகர்ப்புற மருத்துவமனைக்கோ அந்த வாய்ப்பு இல்லை. அங்கே முதலில் மூடப்படுவது பெரும்பாலும் பிரசவப் பிரிவு.

வரும் ஆண்டுகளில் இந்த நெருக்கடி கூடத்தான் போகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் மெடிக்கெய்டைச் சுருக்குகிறது. மாநிலங்கள் மருத்துவமனைகளிடம் வாங்கும் அந்த வரிக்கும் படிப்படியாக வரம்பைக் குறைக்கிறது. இதனால் 2034-க்குள் காப்பீடற்றோர் எண்ணிக்கை ஒரு கோடி அளவுக்குக் கூடும் என்று நாடாளுமன்றத்தின் நிதிநிலை அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது. மருத்துவமனைகள் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் துரத்திப் பிடிக்கும் காலம் இது.

இனி உங்கள் விஷயம். சாரிட்டி கேர் தகுதிக்குக் கணக்கிடப்படுவது நோயாளி, அவருடைய வாழ்க்கைத்துணை, அவரைச் சார்ந்த சிறுவயதுப் பிள்ளைகள் ஆகியோரின் வருமானமும் சேமிப்பும்தான். தனிக் குடும்பமாக வாழும் வளர்ந்த மகனின் சம்பளம் அதில் சேராது. நீங்கள் கைநிறையச் சம்பாதிப்பது இங்கே கேள்வியே ஆகாது. மத்திய அரசின் வறுமைக் கோட்டைப் போல் இரு மடங்கு வரை வருமானம் உள்ளவருக்கு முழு விலக்கும், அதற்கு மேல் மூன்று மடங்கு வரை பகுதி விலக்கும் உண்டு. இருவர் கொண்ட குடும்பத்துக்கு 2025-ஆம் ஆண்டின் வறுமைக் கோடு 21,150 டாலர். ஆகவே 42,300 டாலர் வரை முழு விலக்கு. இந்திய ஓய்வூதியம் எதுவும் அந்த எல்லையை எட்டுவது அரிது. மாநிலத்தில் வசிக்காதவர்கள் பொதுவாக இத்திட்டத்தில் வரமாட்டார்கள் என்றாலும், அவசரநிலையில் சிகிச்சை பெற்ற வெளியாருக்கு விதிவிலக்கு இருக்கிறது. மாரடைப்பு அவசரநிலை என்பதில் யாருக்கும் ஐயம் வராது. அவசரகால மெடிக்கெய்ட் என்று ஒன்று இருப்பதாகவும் யாராவது சொல்வார்கள். அது மாநிலத்தில் வசிப்பவர்களுக்கானது, சுற்றுலா விசாவில் வந்தவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. ஆனாலும் அதற்கு விண்ணப்பித்து மறுப்புக் கடிதம் வாங்கிவரச் சொன்னால் சலிக்காமல் வாங்கிக் கொடுங்கள். வேறு எந்த வழியும் இல்லை என்று காட்டும் சான்று அது.

சிக்கல் வரக்கூடிய இடம் சேமிப்பு. தனி நபருக்கு 7,500 டாலர், குடும்பத்துக்கு 15,000 டாலர் என்பது எளிதில் பணமாக்கக்கூடிய சொத்தின் வரம்பு. குடியிருக்கும் வீடு இதில் வராது. வங்கி இருப்பும் நிரந்தர வைப்பும் பங்குகளும் வரும். ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகையை உங்கள் பெற்றோர் வைப்பில் போட்டிருந்தால் அது இந்த வரம்பைத் தாண்டியிருக்கலாம். இந்தியாவில் இருப்பது இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று அதை மறைக்காதீர்கள். கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி அது. வரம்புக்கு மேல் இருந்தால் விண்ணப்பம் வீணாகிவிடும் என்றும் இல்லை. மிகுதியாக இருக்கும் தொகையைப் பில்லுக்குச் செலுத்தி வரம்புக்குள் வர விதி இடம் தருகிறது. வங்கிக் கணக்கு அறிக்கை, ஓய்வூதியச் சான்று, கடவுச்சீட்டு, விசா, நாட்டுக்குள் வந்த தேதிக்கான பதிவு ஆகியவற்றைச் சிகிச்சைத் தேதியை ஒட்டித் திரட்டி, தமிழில் உள்ளவற்றுக்கு மொழிபெயர்ப்பு இணைத்துக் கொடுங்கள்.

மருத்துவமனையில் சேர்த்த அன்று நீங்கள் எதில் கையெழுத்திட்டீர்கள் என்பதையும் பாருங்கள். மருத்துவக் கடன் நோயாளியுடையது. மகன் என்பதற்காக அது உங்களுடையதாகிவிடாது. ஆனால் சேர்க்கைப் படிவங்களுக்கு நடுவே, பணத்துக்குப் பொறுப்பேற்கிறேன் என்ற வரியின் கீழ் பதற்றத்தில் கையெழுத்திட்டவர்கள் நிறையப் பேர். அப்படி இருந்தால், அப்பா ஊருக்குப் போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்ற அறிவுரை உங்களுக்கே ஆபத்தாக முடியும். விண்ணப்பத்துக்கான மத்திய விதியின் காலவரம்பு, வீடு திரும்பியபின் வந்த முதல் பில்லிலிருந்து 240 நாட்கள். அந்தப் பில்லிலிருந்து 120 நாட்கள் வரை கடும் வசூல் நடவடிக்கை எதையும் அவர்கள் தொடங்க முடியாது. 2024-இல் நியூ ஜெர்சி இயற்றிய சட்டம், மருத்துவக் கடனைக் கடன்மதிப்பு நிறுவனங்களிடம் தெரிவிப்பதையும் தடுக்கிறது. அவகாசம் இருக்கிறது, ஆனாலும் அப்பா ஊருக்குப் புறப்படும் முன்பே கையெழுத்துகளை வாங்கிவிடுவது நல்லது. உங்களை அவர் சார்பில் பேச அனுமதிக்கும் படிவத்திலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பில்லிங் பிரிவு உங்களிடம் ஒரு வார்த்தை பேசாது.

விண்ணப்பம் மறுக்கப்பட்டாலோ பகுதி விலக்கே கிடைத்தாலோ, மாநிலத் திட்டத்தோடு நின்றுவிடாமல் அந்த மருத்துவமனையின் சொந்த நிதியுதவி விதிகளின் கீழ் மறுபடியும் கேளுங்கள். அவை பெரும்பாலும் மாநில வரம்பைவிடத் தாராளமானவை. ஒவ்வொரு செலவையும் தனித்தனியே காட்டும் விரிவான பில்லை வாங்கி, கொடுக்காத மருந்து, செய்யாத பரிசோதனை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெடிகேர் இதற்கு எவ்வளவு தரும் என்ற அளவிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். பட்டியல் விலையில் நாற்பது விழுக்காடு தள்ளுபடி என்பார்கள். முன்னே சொன்ன விகிதத்தை நினைவில் வைத்தால் அது பெரிய சலுகை ஆகாது என்பது விளங்கும்.

விசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் அப்பா மனத்தில் அந்த அச்சமும் இருக்கும். 2022-ஆம் ஆண்டின் விதி, அரசிடம் தொடர்ந்து ரொக்க உதவி பெறுவதையும், அரசுச் செலவில் நீண்டகாலம் பராமரிப்பு இல்லத்தில் இருப்பதையுமே அரசைச் சார்ந்து வாழ்வதாகக் கணக்கிட்டது. மருத்துவமனை விட்டுக்கொடுத்த கட்டணம் அதில் வரவில்லை. அந்த விதியை மாற்றும் முயற்சி நடப்பதால், அவர் நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வருகை என்றால், அடுத்த முறை விசா அதிகாரி கேட்கும்போது, பில் முறையாகத் தீர்க்கப்பட்டது என்று மருத்துவமனை தந்த கடிதத்தைக் காட்ட முடிவது, கட்டாமல் போய்விட்டோம் என்று சொல்ல நேர்வதைவிட எவ்வளவோ மேல்.

கடைசியாக ஒன்று. நான் இதுவரை சொன்னதெல்லாம் மருத்துவமனையின் பில்லுக்கு மட்டும்தான். ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவர், அவசரப் பிரிவு மருத்துவர், ஆம்புலன்ஸ் ஆகியோர் தனித்தனியே பில் அனுப்புவார்கள். மாநிலத்தின் சாரிட்டி கேர் அவற்றைத் தொடாது. எந்தெந்த மருத்துவர்கள் தங்கள் நிதியுதவி விதிக்குள் வருகிறார்கள் என்ற பட்டியலை மருத்துவமனை வெளியிட்டிருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். பட்டியலில் இல்லாதவர்களின் அலுவலகத்துக்குச் சாரிட்டி கேர் ஒப்புதல் கடிதத்தின் நகலை அனுப்பி, அதே விலக்கைத் தருமாறு எழுத்தில் கேளுங்கள். பலர் முழுவதும் விட்டுக்கொடுப்பார்கள், சிலர் மெடிகேர் கட்டணத்துக்கு இறங்கி வருவார்கள். கைநிறையச் சம்பாதிக்கும் மகனாக ஏதேனும் கட்டியே தீர வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தச் சம்பளத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான்.